பிளேட் வேண்டுமா, வேண்டாமா: கார்விங் பலகைக்கு மூன்று வழிகள்

கச்சான் காற்று முற்றத்துப் புழுதியை வாரி விறாந்தையில் கொட்டும் ஆகஸ்ட் மாதத்தில், விசுவமடுவில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுதுவது சிரிப்புக்குரியதுதான். ஆனால் முடிவெடுக்கும் காலம் இதுதான். கையால் பலகை செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளிடம் பனி விழுந்த பிறகு போய் நின்றால் அடுத்த வருடம் வரச் சொல்வார்கள். சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் மருமகன் இம்மாதம் முடிவதற்குள் ஓர்டர் கொடுத்தாக வேண்டும். படிவத்தில் அவனைத் தடுமாற வைத்திருப்பது ஒரு கட்டம்: பிளேட், அதாவது காலுக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கும் தட்டு, பூட்டுவதற்கான துளைகள் தேவையா? வன்னியிலிருந்து போன குடும்பங்களில் இந்த விளையாட்டுக்குக் காசைக் கொட்டியவர்கள் அதிகம் இல்லை. ஆகவே கேள்வி மாமாவிடம் வந்து சேர்ந்தது.

எந்தப் பலகை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெத்தென்ற சப்பாத்தோடு துள்ளிச் சுழலும் அகலப் பலகை அல்ல இது. அல்பைன் கார்விங் பலகை ஒடுங்கியது. நடுப்பகுதி பெரும்பாலும் 18 முதல் 22 சென்ரிமீற்றர் வரைதான். காலில் கடினமான பிளாஸ்டிக் சப்பாத்து, அதன் நுனியையும் குதியையும் கம்பி வளையங்களால் பிடித்துக்கொள்ளும் பைண்டிங். பாதங்கள் பலகைக்குக் குறுக்காக நிற்பதில்லை. 50 முதல் 65 பாகை வரை முன்னோக்கித் திரும்பியிருக்கும். திருப்பத்தில் பலகை வழுக்கக் கூடாது. விளிம்பில் சரிந்து, வில்லாக வளைந்து, பனியில் மெல்லிய ஒற்றைக் கோட்டை வெட்டிக்கொண்டு போக வேண்டும். எல்லாம் அந்த வளைவில்தான் இருக்கிறது. அந்த வளைவைக் கெடுப்பவையோ நம் கால்கள்.

பலகை வளையும்போது இரண்டு பைண்டிங்குகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய முயலும். கடினச் சப்பாத்துக்குள் பூட்டப்பட்ட கால்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதனால் பாதங்களுக்குக் கீழே பலகை தட்டையாகவே நின்றுவிடுகிறது. மறுபக்கம், பனிக்கட்டி ஒன்றில் பலகை ஏறினால் அந்த அடி முன்காலுக்கும் பின்காலுக்கும் அடுத்தடுத்து வருகிறது. உடல் ஆடுகிறது, உடல் ஆடினால் விளிம்பும் பிடி விடுகிறது. கால்களுக்கும் பலகைக்கும் நடுவில் புகுந்து இந்தத் தகராறைத் தீர்க்க வந்ததுதான் பிளேட்.

பிளேட்டே இல்லாமல், பைண்டிங்கை நேராகப் பலகையில் பூட்டுவது முதல் வழி. பழைய வழி என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய நல்ல கார்விங் பலகைகளில் டைட்டனல் என்ற அலுமினியக் கலப்புலோகத் தகடு உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. அதிர்வில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். பொம்பர் டிடி3 போன்ற பைண்டிங்குகளில் அடித்தட்டுக்குக் கீழே இறப்பர் போன்ற மீள்மப் பொருளாலான வளையம் ஒன்று உண்டு. மிச்சத்தில் கொஞ்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இரவில் இயந்திரம் சமன்செய்துவிட்டுப் போன சரிவில், காலையில் மலைக்கு மேலே போகும் முதல் லிப்டில் ஏறி இறங்குகிறவனுக்கு இதைவிட வேறெதுவும் வேண்டியதில்லை. பனி இறுகியிருக்கிறதா, இளகத் தொடங்கிவிட்டதா என்பது உள்ளங்காலிலேயே தெரியும். முன்காலைச் சற்று அழுத்தினால் பலகையின் மூக்கு உடனே கடிக்கும். கற்கும் காலத்தில் இந்தச் செய்திகள்தான் ஆசிரியர்.

பகல் ஏறினால் கதை மாறிவிடும். ஆயிரம் பேர் கிளறிய சரிவில் பனி குவியல் குவியலாகக் கிடக்கும். நேராகப் பூட்டிய பலகையில் ஒவ்வொரு குவியலையும் முழங்கால் தனித்தனியாக எண்ணும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு பாதத்துக்கும் தனித்தனியே ஒரு குட்டிப் பிளேட். அடியில் இறப்பர், மேலே பைண்டிங். விலை குறைவு, எடை குறைவு. 4 சென்ரிமீற்றர் இடைவெளியில் துளைகள் உள்ள எந்தப் பலகையிலும் பூட்டலாம். உயரம் சற்றுக் கூடுவதால், ஆழமாகச் சரியும்போது சப்பாத்தின் ஓரம் பனியில் தட்டுப்படும் தொல்லையும் குறைகிறது. பெரிய பாதக்காரருக்கு அது ஒன்றே போதிய காரணம். ஆனால் இரு கால்களையும் இது பலகையிலிருந்து பிரித்துவிடுவதில்லை. அடியை மென்மையாக்குகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் மருமகன் கனவு காணும் நீளப் பிளேட். இரண்டு பைண்டிங்குகளும் ஒரே தட்டின் மேல் நிற்கும். அந்தத் தட்டு பலகையின் மேல் இரண்டே அச்சுகளில் தாங்கப்பட்டிருக்கும். ஒரு முனை சுழல மட்டும் செய்யும். மறுமுனை சுழலுவதோடு முன்னும் பின்னும் நகரவும் செய்யும். நகராவிட்டால் பலகை வளையவே முடியாது.

இதை விளங்கப்படுத்தப் பெரிய பாடு பட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பரந்தன் சந்திக்கு அருகே லொறி திருத்தும் நண்பர் ஒருவரிடம் மருமகன் கைபேசியில் படத்தைக் காட்டினான். அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற லொறியின் அடியைக் காட்டினார். அடுக்கு ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனை சட்டத்தில் முளையோடு நிற்கிறது. மறுமுனை ஆடும் இணைப்பில் தொங்குகிறது. பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளும், அந்த நீளத்துக்கு இடம் வேண்டும். பனியைக் கண்ணால் கண்டிராத மனிதர் அரை நிமிடத்தில் சொன்னதை விற்பனைக் கையேடுகள் பக்கம் பக்கமாக எழுதியும் தெளிவாகச் சொல்வதில்லை. கூடவே அவர் கேட்ட கேள்வியும் சரியானது: அந்த நகரும் முனையில் அழுக்கு அடைத்தால்?

அடைக்கும். வசந்த காலத்து ஈரப்பனி தட்டுக்கும் பலகைக்கும் நடுவில் புகுந்து, லிப்டில் மேலே போகும்போது உறைந்து இறுகிவிடும். நகரும் முனை அப்படிச் சிக்கிக்கொண்ட பிளேட், பிளேட் இல்லாததைவிட மோசம். மேலே போய் இறங்கியதும் ஒருமுறை தட்டிச் சுரண்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

எடை இன்னொன்று. இருக்கை லிப்டில் பின்காலைக் கழற்றிவிட்டு உட்காரும்போது பலகை, பைண்டிங், பிளேட் எல்லாம் சேர்ந்து முன்காலில்தான் தொங்குகின்றன. பழைய முழங்கால் வலி உள்ளவர்கள் இதை அற்பமாக எண்ண வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதன் சுகத்தை மறைப்பது நியாயமல்ல. நல்ல நீளப் பிளேட்டில் ஏறினால் கிளறிக் கிடக்கும் சரிவு திடீரென்று அமைதியாகிவிடும். பலகை கீழே தன்பாட்டில் வளைந்து நிமிர்ந்து வேலை செய்யும். மேலே கால்கள் அசையாத ஒரு மேடையில் நிற்கும். உயரம் தரும் நெம்புதிறனால் விளிம்பு இன்னும் அழுத்தமாகக் கடிக்கும். ஆனால் அதே உயரம் பிழையையும் பெருக்கும். சமநிலை தவறினால் பலகை முன்கூட்டியே எச்சரிக்காது. இரண்டு பாதங்களையும் எதிரெதிராக முறுக்கித் திருப்பத்தைத் தொடங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அந்த முறுக்கு பலகைக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

நீளப் பிளேட்டிலும் இரண்டு வகை. விறைத்த கார்பன் தட்டு முற்றிலும் பிரித்துவிடும். சற்று வளைந்து கொடுக்கும் மெல்லிய தட்டு பலகையின் பேச்சில் கொஞ்சத்தையாவது காலுக்குக் கேட்க விடும். போட்டியாளர் அல்லாதவருக்கு இரண்டாவதுதான் சரி என்பேன். நான் பாவிப்பதும் அதுவே. அதற்குக் காரணம் என் வயதும் முழங்காலும், வேகம் அல்ல.

மருமகனின் வாதம் எளிமையானது. 2018இல் பியோங்சாங்கில் சமாந்தர இராட்சத சலாலத்தில் (இருவர் அருகருகே கொடிகளைச் சுற்றி இறங்கும் போட்டி) தங்கம் வென்ற நெவின் கல்மரீனி, அதற்கு முன் 2014இல் சோச்சியில் வென்ற பத்திரிசியா குமர் என்று தன் நாட்டு வீரர்களை வரிசையாகச் சொல்கிறான். இன்றைய உலகக் கிண்ணப் போட்டியில் பிளேட் இல்லாத பலகையைக் காண்பது அரிது என்கிறான். உண்மைதான். 2010 வன்கூவர் ஒலிம்பிக் காலத்தை ஒட்டி இது போட்டிக் களங்களில் பரவிவிட்டது. ஆனால் அவர்கள் இறங்குவது எந்தச் சரிவில்? ஒவ்வொரு கொடியைச் சுற்றியும் முன்னே போனவர்கள் வெட்டிய பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும் சரிவில். ஆண்களின் பலகை 185 சென்ரிமீற்றர் அளவு, விறைப்பானது. அந்தப் பள்ளத்தில் அந்தப் பலகையைப் பனியோடு ஒட்ட வைக்கத்தான் பிளேட். மருமகனோ 65 கிலோ. வார இறுதியில் விளையாடப் போகிறவன். கேட்பது 168 சென்ரிமீற்றர் நீளமும், பக்க விளிம்பில் 11 மீற்றர் வளைவு ஆரமும் உள்ள பலகை. அவர்களின் பிரச்சினை இன்னும் அவனுக்கு வரவில்லை.

பிளேட்டுக்கென்று செய்யும் பலகையும் பிளேட் இல்லாமல் ஓட்டச் செய்யும் பலகையும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. கால்களின் தடை நீங்கிவிடும் என்று கணக்கிட்டு, முதலாவதன் நடுப்பகுதியை விறைப்பாகச் செய்பவர்கள் உண்டு. அதைப் பிளேட் இல்லாமல் ஓட்டினால் மரப்பலகைதான். ஆகவே படிவத்தில் அவனை இப்படி எழுத வைத்தேன்: யூபிஎம் எனப்படும் பிளேட் துளைகள் வேண்டும், ஆனால் பெரும்பாலும் பிளேட் இல்லாமல்தான் ஓட்டுவேன், நடுப்பகுதியை மென்மையாக விடுங்கள். இந்தக் குளிர்காலம் மீள்ம வளையம் உள்ள பைண்டிங்கோடு போகட்டும். பருவம் முடியும் சித்திரை மாதத்தில் வளையக்கூடிய பிளேட் ஒன்று அரைவிலைக்கு அகப்பட்டால் வாங்கட்டும். அப்போது ஆணியின் நீளத்தை அளந்து வாங்க வேண்டும். 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்த மரை ஆணி ஓரிரு மில்லிமீற்றர் கூடிவிட்டாலும் பலகையின் அடிப்பரப்பைக் குமிழ்போலத் தள்ளிவிடும்.

இன்னும் ஒரு கட்டம் நிரம்பவில்லை. பலகையின் விறைப்பை எடை பார்த்தே தீர்மானிப்பார்கள். அம்மம்மா நாள்தோறும் ஊற்றும் ஒடியற்கூழும் பொரித்த மீனும் சேர்ந்து 65 கிலோவை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கின்றன என்று, சூரிச்சில் இறங்கியதும் நிறுத்துப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.