தர அட்டவணை, எம்சிஸ், எர்த்-கிராம்: எந்த வேலைக்கு எந்த வளிமண்டல மாதிரி?

உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைச் சரிபார்ப்பவருக்கும், செயற்கைக்கோள் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிடுபவருக்கும், மறுநுழைவுக் கலத்தின் வெப்பக் கவசத்தை வடிவமைப்பவருக்கும் வேண்டிய வளிமண்டலம் வேறு வேறு. மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எனக்குச் சராசரி போதுமா, அதிலிருந்து எவ்வளவு விலகும் என்ற சிதறலும் வேண்டுமா?

சராசரி போதுமென்றால் 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர வளிமண்டலம் என்ற நிலையான அட்டவணை. கடல் மட்டத்தில் வெப்பநிலை 288.15 கெல்வின், அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. வெப்பநிலை கி.மீ.க்கு 6.5 கெல்வின் வீதம் குறைந்து, 11 கி.மீ.இல் 216.65 கெல்வினில் நிற்கும். 32 கி.மீ. வரை சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் அட்டவணையோடு ஒத்துப்போகும். கருவிகளை ஒப்பிட இதைவிட நல்லது இல்லை. ஆனால் இது நடு அட்சரேகைக்கான சராசரி. அதே அழுத்தத்தில் சென்னை ஓடுபாதை 38 டிகிரியில் கொதிக்கும்போது அடர்த்தி 1.134-தான், 7% குறைவு. நம் பக்கத்தில் ட்ரோபோபாஸ் (உயரத்தோடு வெப்பநிலை குறைவது நிற்கும் எல்லை) 11 கி.மீ.இல் இல்லை, 16-17 கி.மீ.இல் இருக்கிறது, அங்கே குளிர் மைனஸ் 80 டிகிரி அளவுக்கு இறங்கும். அட்டவணையின் மைனஸ் 56.5-ஐ நம்பி ஆய்வு பலூனுக்கு பாலித்தீன் தாள் தேர்ந்தெடுத்தால், ஏறும் வழியிலேயே தாள் விறைத்து விரிசல் விடலாம்.

இன்னொரு பொறி: 86 கி.மீ.க்குக் கீழே அட்டவணையின் அடுக்குகள் ஜியோபொடென்ஷியல் உயரத்தில் (மேலே போகப்போக ஈர்ப்பு குறைவதைக் கணக்கில் எடுத்த உயரம்) வரையறுக்கப்பட்டவை. உண்மையான 80 கி.மீ. என்பது அந்தக் கணக்கில் 79.0 கி.மீ. இரண்டையும் குழப்பி 80-ஐ அப்படியே போட்டால் அடர்த்தி சுமார் 15% குறைவாக வரும்.

சுற்றுப்பாதை வேலை என்றால் எம்சிஸ்: இடம், நேரம், சூரியச் செயல்பாடு ஆகியவற்றைக் கொடுத்தால் வெப்பநிலையையும் அடர்த்தியையும் கணக்கிட்டுத் தரும் மாதிரி. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு பலருடைய நிரல்களில் இன்னமும் ஓடுகிறது. புதிய 2.0 பதிப்பில் வெப்பநிலைச் சமன்பாடு தரையிலிருந்து மேல்வரை புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. அணு ஆக்சிஜன் 50 கி.மீ. வரை கீழே நீட்டப்பட்டிருக்கிறது. 2.1-இல் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்தது. புதிதாகத் தொடங்குபவர் பழையதைத் தொட வேண்டியதில்லை. மாற்றுபவர் மட்டும் அலகைக் கவனியுங்கள்: பழைய அழைப்புமுறையைப் பின்பற்றும் உறை நிரல் சென்டிமீட்டர்-கிராமில் விடை தரும், புதிய நேரடி அழைப்பு மீட்டர்-கிலோகிராமில் தரும். பழையதில் உள்ளூர்ச் சூரிய நேரத்தை நாமே கொடுக்க வேண்டும். அது உலக நேரத்தோடும் தீர்க்கரேகையோடும் பொருந்தாவிட்டால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தவறான விடை வரும்.

எம்சிஸில் பிழைகள் பெரும்பாலும் உள்ளீட்டில்தான் வரும். எஃப்10.7, அதாவது சூரியனின் 10.7 செ.மீ. ரேடியோ உமிழ்வின் அளவு, முந்தைய நாளுக்குரியது. அதனுடன் போகும் 81 நாள் சராசரி, கணக்கிடும் நாளை நடுவில் வைத்து எடுத்தது. அழைப்பில் சராசரி முதலில், அன்றாட மதிப்பு அடுத்து. இடம் மாறினாலும் நிரல் ஓடிவிடும். சூரியனிலிருந்து ஒரு வானியல் அலகுத் தொலைவுக்குத் திருத்திய மதிப்பைப் போடாமல், அளந்ததை அப்படியே போட வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் இரண்டுக்கும் 3% மேல் வித்தியாசம். பூமியின் காந்தப்புலக் கலக்கத்தைக் காட்டும் குறியீட்டுக்கு ஏபி அளவுகோல்தான் வேண்டும். கேபி என்ற வேறு அளவுகோலின் 5-ஐக் கொடுத்துவிட்டு, அதற்கு இணையான ஏபி 48-க்கான விடையை எதிர்பார்க்கக் கூடாது. காந்தப் புயல் நேரத்தில் ஒரு நாள் சராசரி ஏபி போதாது. 3 மணிநேர மதிப்புகளின் ஏழு உறுப்பு வரிசை வேண்டும், 2000 பதிப்பில் 9-ஆவது சுவிட்சை -1 ஆக வைத்தால்தான் அது வேலை செய்யும். 2022 பிப்ரவரியில் சுமார் 210 கி.மீ. உயரத்தில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இழக்கப்பட்டது மிதமான ஒரு புயலில்தான். முந்தைய ஏவல்களைவிட இழுவை 50% வரை கூடியிருந்தது.

ஜேபி2008 செயற்கைக்கோள் மீதான காற்றின் இழுவைக்கென்றே ஆன இன்னொரு மாதிரி. நான்கு சூரியக் குறியீடுகளும், புயலுக்கு டிஎஸ்டி என்ற காந்தக் குறியீடும் கேட்கும். அந்தத் தரவு ஓட்டம் கையில் இல்லாதவர் எம்சிஸோடு நிற்பதே பாதுகாப்பு.

ஆனால் எம்சிஸில் காற்றோட்டமும் இல்லை, ஒரே மாதத்துக்குள் வானிலை எவ்வளவு ஆடும் என்பதும் இல்லை. நாசாவின் மார்ஷல் மையம் வளர்த்த எர்த்-கிராம் தனித்து நிற்பது இங்கேதான். கீழே 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டம் வரை அமெரிக்க வானிலை மையமான என்செப்பின் மாதச் சராசரிகளும் விலகல்களும், நடுவே மத்திய வளிமண்டலத் தரவு, மேலே எம்சிஸ், ஜேபி2008, மார்ஷல் மாதிரி ஆகியவற்றில் நாம் தேர்ந்தெடுப்பது. சந்திப்புகளில் மெல்ல இணைக்கிறது. பின்னர் இது சி++ இல் திரும்ப எழுதப்பட்டு, நாசாவின் மெர்ரா-2 வானிலைத் தரவும் சேர்க்கப்பட்டது.

இதன் உயிர் சீரற்ற விலகல் பகுதி. அடர்த்தி, வெப்பநிலை, காற்று ஆகியவற்றின் விலகல்கள் பாதை நெடுக முந்தைய புள்ளியோடு தொடர்புடன் மாறும்: பெரிய அலை ஒன்று, அதன்மேல் சிறு அளவுக் கொந்தளிப்பு. மான்டி கார்லோவில் (சீரற்ற மதிப்புகளோடு பலமுறை ஓட்டிச் சிதறலைக் காணும் முறை) ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புதிய சீடு எண் (சீரற்ற வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் புதிதாகத் தொடங்கினால் தொடர்பு அறுந்து வெறும் இரைச்சலாகிவிடும். பாதை நெடுக மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், தரையிறங்கும் இடத்தின் சிதறல் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். கவசத்தின் தடிமனையும் மீட்புக் கப்பல் காத்திருக்கும் பரப்பையும் அந்தச் சிதறல்தான் தீர்மானிக்கிறது.

நாளைய ஏவலுக்கான முன்னறிவிப்பை எர்த்-கிராமிடம் கேட்கக் கூடாது. ஏவும் நாளின் காற்றை அன்றைய பலூன் அளவீட்டில் எடுங்கள். வடிவமைப்பு வரம்பை எர்த்-கிராமில் எடுங்கள். எந்த மாதிரியை நிறுவினாலும், முதல் வேலையாக அதனுடன் வரும் சோதனை உள்ளீட்டை ஓட்டி, விடையை உடன் தரப்பட்ட கோப்போடு இலக்கம் இலக்கமாகப் பொருத்திப் பார்த்துவிடுங்கள். தவறான துல்லிய அமைப்பில் தொகுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.