விலைச் சீட்டின் கீழ் இருந்த மருந்து

என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் தங்கை ஒருவர் சென்ற வாரம் கைப்பையிலிருந்து ஒரு சொட்டு மருந்துக் குப்பியை எடுத்ததைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. அதே வெள்ளைக் குப்பி, மருந்தின் பெயரை மறைத்து ஒட்டிய அதே விலைச் சீட்டு. மட்டக்களப்பு நகரில் நான் ஏமாந்த கடையில்தான் அவரும் வாங்கியிருக்கிறார் என்பதால் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

கச்சான் என்னும் வறண்ட சூட்டுக் காற்று தொடங்கிய நாட்களில் என் இரு கண்களிலும் மண் விழுந்ததுபோல் உறுத்தல் ஏற்பட்டது. பகலெல்லாம் கணினித் திரை, முகத்துக்கு நேரே குளிரூட்டியின் காற்று, களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அனல். மாலையானால் கண் சிவந்து நீர் வழியும். நீர் வழிகிற கண்ணை வறண்ட கண் என்று யார்தான் நினைப்பார்கள்? கிளினிக்குக்குப் போக லீவு போட வேண்டுமே என்ற சோம்பலில், கண் பரிசோதனை இலவசம் என்று பலகை வைத்திருந்த ஒரு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தேன்.

அங்கிருந்த இளைஞர் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னதோடு சரி. "இது கச்சான் சூட்டுக்கு வாற அலர்ஜி அக்கா" என்று, திரை வெளிச்சத்தைத் தடுக்குமாம் என ஒரு கண்ணாடியை 18,500 ரூபாய்க்கு விற்று, "நாளைக்கு நாலு தரம் விடுங்க, முடிஞ்சா வாங்க" என அந்தக் குப்பியையும் 650 ரூபாய்க்குக் கொடுத்தார். மறுநாளே சிவப்பு மறைந்துவிட்டது. அதில்தான் நான் மயங்கினேன். நிறுத்திய மூன்றாம் நாள் உறுத்தல் திரும்பும், நானும் திரும்பப் போவேன். இப்படி நான்கு மாதங்களில் ஐந்து குப்பிகள். அலர்ஜி என்று நம்பி இரவில் அலர்ஜிக் குளிசை வேறு விழுங்கினேன். அதுவும் கண்ணீரைக் குறைக்கும் என்று பிறகுதான் அறிந்தேன்.

எழுத்துகள் மங்கத் தொடங்கிய பிறகே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனேன். கண் வைத்திய நிபுணர் குப்பியைக் கேட்டு வாங்கி, விலைச் சீட்டை நகத்தால் உரித்தார். டெக்ஸாமெதசோன் என்றிருந்தது. அது வைத்தியரின் துண்டின்றி விற்கக்கூடாத, அழற்சியையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து. தேவையானபோது நிபுணர்களே அளவோடும் கண்காணிப்போடும் ஸ்டீரொய்ட் கொடுப்பதுண்டு. ஆனால் கேட்பாரின்றி மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து, வலியே இல்லாமல் பார்வை நரம்பு பழுதாகலாம், வெண்புரையும் வரலாம். வழமையான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம் வரை. என் வலக்கண்ணில் 28 இருந்தது.

அதன் பின்னர்தான் எனக்கு உண்மையான பரிசோதனை நடந்தது. மெல்லிய வடிதாள் துண்டைக் கீழிமையில் கொளுவி ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார்கள். பத்து மில்லிமீற்றருக்கு மேல் நனைய வேண்டிய தாள் நான்கோடு நின்றுவிட்டது. இமையோரத்தை அழுத்தியபோது, தெளிந்த எண்ணெயாக வர வேண்டியது பற்பசைபோல் கெட்டியாக வந்தது. கண்ணீரின் மேல் படியும் அந்த எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது என்றும், எண்ணெய் குறைந்தால் கண் காய்ந்து, அந்த எரிச்சலில் சுரக்கும் நீர் நிற்காமல் வழிந்துவிடும் என்றும் விளக்கினார். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. பாதகம் அதுவே அன்றி வெளிச்சம் அன்று. ஆக, அந்தக் கண்ணாடியும் வீண்.

ஸ்டீரொய்ட் நின்றது. இப்போது இளஞ்சூட்டுத் துணியை நாள்தோறும் பத்து நிமிடம் இமைமேல் வைத்து மெதுவாக நீவிவிடுகிறேன். காபொக்சிமெதில்செலுலோஸ் கலந்த செயற்கைக் கண்ணீர் விடுகிறேன். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்படுவோர் பதனப்பொருள் சேராததைக் கேட்டு வாங்குவது நல்லது. குளிரூட்டியின் காற்றுவாயையும் திருப்பிவிட்டேன். அழுத்தம் 18க்கு இறங்கியிருந்தாலும் கிளினிக்குக்குத் தொடர்ந்து போகத்தான் வேண்டும்.

குப்பியோடு கடைக்குப் போய் நியாயம் கேட்டேன். பற்றுச்சீட்டைக் காட்டச் சொன்னார்கள். அதில் கண்ணாடி மட்டுமே எழுதியிருந்தது. "நாங்க மருந்து விக்கிறதில்லையே அக்கா" என்றார் அதே இளைஞர்.