"இஎம்ஐ கட்டாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் ஆட்களிடம் உஷார்

கிரெடிட் கார்டு பாக்கியையும் பர்சனல் லோனையும் பாதியாகக் குறைத்து முடித்துத் தருகிறோம் என்று ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொட்டுகிறது. அப்படி ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் ஆறு மாதம் பணம் கட்டினோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வேலையை வேறு வேறு பெயரில் நிறையப் பேர் செய்கிறார்கள்.

எங்களுக்குத் திருப்பூர். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் படுத்துவிட்டது. ஓவர்டைம் நின்றது, 36,000 வந்த இடத்தில் 29,000 வந்தது. மாமனார் ஆபரேஷனுக்கு வாங்கிய லோனுக்கு இஎம்ஐ 10,250. கார்டில் பாக்கி 1,40,000, அதற்கு மினிமம் டியூ 7,000. வாடகை 6,500. மிச்சம் இருக்கிற ஐயாயிரத்துச் சொச்சத்தில் அரிசி, பால், கேஸ், பையனின் வேன் கட்டணம். வரவு செலவு நோட்டில் எப்படிக் கூட்டினாலும் 15 தேதிக்கு மேல் கைமாற்றுதான்.

இந்த நிலைமையில் இருப்பவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். போனில் பேசிய பையன் நம் பட்ஜெட்டையே நமக்குப் போட்டுக் காட்டினான். "மேடம், மாசம் 17,250 கட்டறீங்க. இனிமே பேங்குக்கு ஒரு ரூபாய் கட்டாதீங்க. எங்களுக்கு 5,500 சந்தா மட்டும். மீதியைச் சேத்து வைங்க, பாதித் தொகையில செட்டில்மென்ட் பண்ணிடலாம்." ரிசர்வ் வங்கி அங்கீகாரம் இருக்கிறது என்றும் சொன்னான். இந்த வேலைக்கென்று ரிசர்வ் வங்கி யாருக்கும் லைசென்ஸ் தருவதே இல்லை. சொல்லப்போனால், கட்டணம் வாங்கிக்கொண்டு கடன் தள்ளுபடி ஆசை காட்டும் ஆட்களிடம் சிக்காதீர்கள் என்று 2023 டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

ஏன் கட்ட வேண்டாம் என்கிறார்கள்? தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்த்துவிடும். அதற்குப் பிறகுதான் வங்கிகள் பெரும்பாலும் செட்டில்மென்ட் பேச்சுக்கு வரும். அதுவரை நம் கணக்கு அழுக வேண்டும், அவர்களுக்குச் சந்தா ஓட வேண்டும். அந்த மாதங்களில் வீட்டு பட்ஜெட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கையில் காசு நிற்கும், மளிகைக்கடை பாக்கி தீரும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதைக் கார்டு ஸ்டேட்மென்ட்தான் சொல்லும்.

எங்கள் கார்டுக்கு வட்டி மாதம் மூன்றரை சதவீதம். 1,40,000-க்கு முதல் மாத வட்டியே 4,900. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 882. இரண்டும் சேர்ந்தால் 5,782, அப்புறம் லேட் ஃபீ, அதற்கும் ஜிஎஸ்டி. அடுத்த மாதம் இவ்வளவுக்கும் சேர்த்து வட்டி. ஆறு மாதத்தில் பாக்கி 1,87,000-ஐத் தொட்டது. லோன் பக்கம், ஒவ்வொரு தடவை இஎம்ஐ திரும்பும்போதும் 590 ரூபாய் அபராதம். நிறுவனத்துக்குப் போன சந்தா 33,000. இதையெல்லாம் அந்தப் பையன் போட்ட கணக்கில் தேடினால் கிடைக்காது.

வாங்கின காசுக்கு என்ன செய்தார்கள் என்கிறீர்களா? வசூல் ஏஜென்டுகளின் தொல்லை இருக்காது என்று சொல்லி, வீட்டுக்காரர் போனுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் தங்கள் நம்பருக்குத் திருப்பிவிடச் சொன்னார்கள். இதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள், போன் அழைப்பில் வரும் ஓடிபி கூட அவர்கள் காதுக்குத்தான் போகும். ஏஜென்டுகள் என் நம்பருக்கு அடித்தார்கள். பிறகு கம்பெனிக்கு அடித்தார்கள்.

இன்னொன்று "வக்கீல் நோட்டீஸ்". வங்கிக்கு அனுப்பியதாக வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. முதல் பத்தியில் வீட்டுக்காரர் பெயர் சரியாக இருந்தது. இரண்டாவது பத்தியில் யாரோ ஒருவர் பெயரும் நாக்பூர் முகவரியும்! போன வாடிக்கையாளருடையதை அழிக்கக்கூட இல்லை. அதைக் கேட்டதற்கு "டீம் பாத்துட்டு இருக்காங்க மேடம்" என்று பதில். கேஸ் மேனேஜர் என்று ஒருவரைக் கொடுத்திருந்தார்கள், மாதா மாதம் ஆள் மாறும். ஒவ்வொருவரிடமும் மாமனார் ஆபரேஷனில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடைசியில் லோன் கொடுத்த வங்கியிடமிருந்து நிஜமான வக்கீல் நோட்டீஸ் வந்தது. செக் திரும்பினால் வழக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கணக்கிலிருந்து தானாக எடுக்கும் இஎம்ஐ பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் வருடத்துப் பணப் பரிவர்த்தனைச் சட்டத்தின் (Payment and Settlement Systems Act) 25-ஆவது பிரிவில் அதே மாதிரி வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. இஎம்ஐயை நிறுத்தச் சொன்னவர்கள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. நோட்டீஸைக் காட்டியபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். "எந்த முடிவுக்கும் உத்தரவாதம் இல்லை, கட்டிய பணம் திரும்பத் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருந்தது. போனில் சொன்ன "பாதித் தொகை" அதில் எங்கேயும் இல்லை.

அப்புறம் நாங்களே வங்கிக்குப் போனோம். சம்பளம் குறைந்ததற்கு ஸ்லிப்பைக் காட்டி, எழுத்தில் மனு கொடுத்தோம். லோன் தவணைக் காலத்தை நீட்டி மாதம் 8,400 ஆக்கினார்கள். என் மூன்று பவுன் செயினைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தோம், கார்டு வங்கிக்காரர்கள் லேட் ஃபீயைக் கழித்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டு கார்டை மூடினார்கள். நகைக்கடன் வட்டி வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம், கார்டு வட்டி வருடத்துக்கு 42. சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், ஏற்கெனவே விழுந்துவிட்டது, அது ஏற நாளாகும்.

செட்டில்மென்ட்டே வேண்டும் என்றாலும் அதை வங்கியிடம் நேராகவே கேட்கலாம், நடுவில் ஆள் வேண்டியதில்லை. தொகையும் கடைசித் தேதியும் போட்டு வங்கியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். பணத்தை லோன் கணக்கில் மட்டும் கட்டுங்கள், யாருடைய ஜிபே நம்பருக்கும் வேண்டாம். ஆனால் சிபிலில் "செட்டில்டு" என்றுதான் விழும், "க்ளோஸ்டு" என்று வராது. பிறகு வீட்டுக்கடன் கேட்டால் பல வங்கிகள் முகம் சுளிக்கும்.

வசூல் ஏஜென்டு காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கிக்குப் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்). அதற்குக் கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448. இந்த மாதிரி நிறுவனங்கள் மேல் புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. நாங்கள் 33,000-ஐத் திருப்பிக் கேட்டு 1915-இல் பதிந்திருக்கிறோம். நிறுவனம் இதுவரை 8,000 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று இறங்கி வந்திருக்கிறது. வாபஸ் வாங்குவதாக இல்லை.