நாவலுக்கு முன்: ஊகமா, உரையாடலா?

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன செட்டிநாட்டுக் குடும்பத்தின் நாவல் ஒன்று, பத்தாம் வகுப்புக்கு. முதலில் கதையை ஊகிக்கச் சொல்வதா, பேசவிடுவதா? காரைக்குடிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு.

நேரம்: ஊகத்துக்குப் பத்து நிமிடம் போதும். உரையாடல் ஒரு பீரியடையே விழுங்கிவிடும்.

தயாரிப்பு: ஊகத்துக்கு அட்டைப்படமும் முதல் பக்கமும். உரையாடலுக்கு நல்ல கேள்வி வேண்டும். ‘1942இல் ஜப்பான் படை வந்தபோது, கடையை விட்டுக் கால்நடையாகக் கிளம்பியவர் எதை எடுத்துக்கொண்டிருப்பார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெட்டகச் சாவி என்பான் ஒருவன், கணக்குப் புத்தகம் என்பாள் இன்னொருத்தி. வீட்டுத் தேக்குத் தூண் எங்கிருந்து வந்தது என்று அப்பத்தாவிடம் விசாரித்துவிட்டே மறுநாள் வருவார்கள்.

பேசாத பிள்ளைகள்: ஊகத்தை நோட்டில் எழுதிவிடுவார்கள். உரையாடலில் வாயுள்ள பிள்ளை நாலு பேர் பங்கையும் சேர்த்துப் பேசிவிடும்.

ஊகத்தில் ஒரு வில்லங்கம்: முடிவு தெரிந்த ஒரு பையன் போதும், எல்லாம் போச்சு.

துப்பறியும் கதைக்கு ஊகம். காலமும் ஊரும் புரியாமல் நகராத நாவலுக்கு, என்னைக் கேட்டால், உரையாடல்தான். பெரிய வகுப்பா? சரி, ஊகத்தை எழுதவைத்து, அப்புறம் நாலைந்து பேராக உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.