ஸ்டார்லெட்டில் விட்ஸ் கொயில்: மூன்றரை வருடம் ஓடின பிறகு

என்னுடைய 1.3 டொயோட்டா ஸ்டார்லெட்டில் (4ஈ-எஃப்ஈ எஞ்சின்), நாலு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கின பாவித்த டொயோட்டா விட்ஸ் கொயில் (பிளக்குக்குப் பொறி கொடுக்கிறது) நாலைப் பூட்டி, ஸ்பீடுவினோவில் (நாமே பூட்டி அமைக்கிற எஞ்சின் கம்பியூட்டர், அதாவது ஈசியூ) ஓட்டத் தொடங்கி மூன்றரை வருடம், 38,000 கிலோமீட்டர். நாளாந்த ஓட்டம் யாழ்ப்பாணத்துக்குள்ளேதான். மாதம் ஒருக்கா ஏ9ஆல் கொழும்புக்கு. கொயில் ஒன்றும் பழுதாகி வழியில் நிற்கவில்லை. பழுதானது ஒன்றேயொன்று, அதுவும் கராஜுக்குள்ளேயே, என்னுடைய பிழையால். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கொயிலின் தலைக்குள்ளேயே இக்னைட்டர் இருக்கிறது. பெரிய கரண்டை வெட்டி விடுகிற வேலை கொயிலுக்குள் நடக்கும். ஈசியூ கொடுக்கவேண்டியது 5 வோல்ட் சிக்னல் மட்டும். சில போர்டில் 12 வோல்ட் அவுட்புட்டும் தெரிவு செய்யலாம், இதற்கு அது வேண்டாம். நாலு கால்: முதலாவது 12 வோல்ட், இரண்டாவது ஐஜிஎஃப், மூன்றாவது ஐஜிடி (ஈசியூவின் சிக்னல் வருகிற கால்), நாலாவது எர்த். ஐஜிஎஃப் என்பது "பொறி விழுந்தது" என்று கொயில் திருப்பிச் சொல்லும் வயர். டொயோட்டாவின் சொந்தக் கம்பியூட்டர் அந்தப் பதில் வராவிட்டால் பெட்ரோலையே நிற்பாட்டிவிடும். ஸ்பீடுவினோவுக்கு அது தேவையில்லை, டேப் சுற்றி விட்டுவிட்டேன். எந்தச் சிலிண்டரின் முறை என்று சொல்லும் கேம் சென்சர் நான் போடவில்லை. ஆகவே சேர்ந்து ஏறி இறங்கும் 1-4 இரண்டின் ஐஜிடியும் ஒரு அவுட்புட்டில், 2-3 இன்னொன்றில். கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஈசியூ அறிய, கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று இல்லை).

இப்போது அந்தப் பிழை. மென்பொருளில் பொறி எந்த விளிம்பில் விழவேண்டும் என்று ஒரு இடம் இருக்கும்: கோயிங் ஹை, கோயிங் லோ. இந்தக் கொயில் சிக்னல் உயரும்போது சார்ஜாகி, இறங்கும்போது பொறி விடும், எனவே "லோ". நான் "ஹை"யில் விட்டுவிட்டேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, ஐடிலும் நின்றது! அங்கேதான் ஏமாந்தேன். சிக்னல் தலைகீழாகப் போனதால், சார்ஜாக விட்ட 3 மில்லிசெக்கன் அளவுக்குப் பொறி முந்தி விழுந்துகொண்டிருந்தது. 1000 ஆர்பிஎம்மில் அது 18 பாகை, எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். 3000இல் 54 பாகை. அக்சிலேட்டரை மிதித்தவுடன் வெடிச்சத்தம். அதைவிட மோசம், கொயில் அந்த 3 மில்லிசெக்கன் தவிர மிச்ச நேரமெல்லாம் சார்ஜாகிக்கொண்டே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. இரண்டாம் சிலிண்டர்க் கொயில் அன்றோடு சரி. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுகிறவர் மென்பொருளில் டைமிங்கை ஒரே பாகையில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆர்பிஎம்மை ஏற்றிப் பாருங்கள். மார்க் ஓடினால் உடனே நிற்பாட்டுங்கள்.

இன்னொன்று, ஃபர்ம்வேர் (ஈசியூவுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றும்போது அவுட்புட் கால்கள் என்ன நிலையில் நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது. சிக்னல் கீழேயே நின்று கொயில் சார்ஜாகாமல் இருக்க, ஐஜிடி ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கு 10 கே ரெசிஸ்டர் ஒன்று போட்டிருக்கிறேன். அதற்கு மேலும், ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன் கொயில் பியூஸைக் கழற்றிவிடுவேன். சூடு கண்டவன் பயம்.

டுவெல், அதாவது கொயிலைச் சார்ஜாக விடும் நேரம், 14 வோல்டில் 3 மில்லிசெக்கன். செல்ப் அடிக்கும்போது பற்றரி 10 வோல்டுக்கு இறங்கும், அப்போது 4.5 வரை போக விட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் விடியக்காலையில் ஸ்டார்ட் இழுக்கும். மேலே 6000இல் ஒரு சுற்றுக்கே 10 மில்லிசெக்கன்தான், அதில் 3 போனால் முப்பது வீதம். பொறி பலமாக வரட்டும் என்று 5, 6 வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பொறி பலமாவதில்லை, கொயில்தான் வேகும்.

என்னை மாதக்கணக்கில் மினக்கெடுத்தியது எர்த். 4000 தாண்டினால் சிங்க் (கிராங்க் எங்கே நிற்கிறது என்ற ஈசியூவின் கணக்கு) விட்டுப்போகும், ஒரு குலுக்கல், திரும்பப் பிடிக்கும். சென்சரை மாற்றினேன், பல் சக்கரத்தின் இடைவெளியை மாற்றினேன். கடைசியில் வயரிங் வேலை செய்கிற அண்ணை ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, கொயில் எர்த்தையும் ஈசியூ எர்த்தையும் ஏன் ஒரே போல்டில கொண்டுபோய் கார் பொடியில அடிச்சிருக்கிறீர்?" என்றார். கொயிலின் பெரிய கரண்ட் அதே போல்டால் போய் சென்சர் சிக்னலைக் குழப்பியிருக்கிறது. கொயில் எர்த்தை 2.5 சதுரமில்லி வயரில் நேரே சிலிண்டர் ஹெட்டுக்கு எடுத்தோம். ஈசியூ எர்த்துகள் எல்லாம் பிளொக்கில் தனிப் போல்ட். சென்சர் எர்த் ஈசியூவுக்கே திரும்பிப் போகவேண்டும். கிராங்க் வயரின் ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் கட்டி, மற்ற முனையை வெட்டிவிட்டோம். பிளக்கும் R எழுத்து உள்ள ரெசிஸ்டர் வகை. அன்றைக்குப் பிறகு சிங்க் விட்டது கிடையாது.

12 வோல்ட் தனி ரிலே, 20 அம்பியர் பியூஸ் வழியாக. பாவித்த கொயில் வாங்கும்போது சொக்கெட்டின் பூட்டு நாக்கைப் பாருங்கள்; சூட்டில் காய்ந்து முறிந்துவிடும். எனக்கு இரண்டு முறிந்தன, கேபிள் டையால் கட்டி வைத்திருக்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் நன்றாக வேலை செய்கிற காரில் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். என்னுடையதில் தண்டு ஆடிக்கொண்டிருந்தது, எப்படியும் ஈசியூ மாற்ற இருந்தேன். டாகோமீட்டர் முள் மட்டும் அன்றிலிருந்து படுத்துக் கிடக்கிறது. பழைய இக்னைட்டரிலிருந்து வந்த சிக்னல்தான் அதற்குப் பழக்கம். ஸ்பீடுவினோவின் டாகோ அவுட்புட்டைக் கொடுத்துப் பார்த்தேன், அசையவேயில்லை. இப்போதைக்கு ஃபோனில் ஆர்பிஎம் பார்த்து ஓட்டுகிறேன்.