இராமேசுவரத்துக்கு அப்பால் மின்சாரம்: கம்பியை நீட்டினால் போதாதா?

2025 ஏப்ரலில் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் மின்தொகுப்பு இணைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உயரழுத்த நேர்திசை (DC) இணைப்பு என்று அதிலேயே முடிவாகிவிட்டது. ஆனாலும் சென்னையில் மின்சாரம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. நம் 400 கிலோவோல்ட் மாறுதிசை (AC) மின்தடத்தை அப்படியே நீட்டிவிட்டால் என்ன? மாறுதிசையை நேர்திசையாகவும் நேர்திசையை மாறுதிசையாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் நிலையம் கோடிக்கணக்கில் கொட்டி எதற்கு?

நியாயமான கேள்வி. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் அப்படித்தான் மின்சாரம் போய்வருகிறது. பீகாரின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபருக்குப் போவது சாதாரண மாறுதிசை மின்தடம். செலவு குறைவு, மின்மாற்றியும் சுவிட்சும் போதும். இரு பக்கத்து ஜெனரேட்டர்களும் 50 ஹெர்ட்ஸில் ஒரே தாளத்தில் சுழல்வதால், ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் யாரும் சொல்லாமலே தோள் கொடுக்கும். உதவி எவ்வளவு எளிதாகப் போகிறதோ, அவ்வளவு எளிதாகத்தான் கோளாறும் போகும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்தியா இருண்டதை மறந்திருக்க மாட்டோம். இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி அது. தென்னகம் அசையவில்லை. அப்போது நம் தொகுப்பு மற்றவற்றோடு நேர்திசை இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது: ஒடிசாவின் தால்செர் தொடங்கிக் கோலார் வரை ஒரு நீண்ட மின்தடம், காஜுவாகாவிலும் சந்திரபூர் அருகிலும் ஒவ்வொரு கன்வெர்ட்டர் நிலையம். நேர்திசை மின்சாரத்துக்குத் தாளமே கிடையாது என்பதால், அந்தப் பக்கத்துத் தாளம் கெட்டது இந்தப் பக்கம் தெரியவே இல்லை. ஆனால் நம்மைக் காத்த அதே சுவர்தான் நம் கழுத்தையும் நெரித்தது. சென்னையில் சுழற்சி முறையில் இரண்டு மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு என்று கிடந்த காலம் அது. வேறு மாநிலங்களில் மின்சாரம் விற்பனைக்கு இருந்தாலும் கொண்டுவர வழி போதவில்லை. மின்சந்தையில் தென்மாநிலங்கள் கூடுதல் விலை கொடுத்தன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடத்தால் தென்னகமும் நாட்டின் ஒரே தொகுப்பில் சேர்ந்தது. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். இரு பக்கமும் பெரிய தொகுப்புகள். நடுவே இன்னும் பல மின்தடங்கள் போட நிலமும் இருந்தது.

இலங்கையிடம் இந்த இரண்டும் இல்லை. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இலங்கை முழுவதுக்கும் 2,500 முதல் 3,000 மெகாவாட் வரைதான். ஒற்றை மாறுதிசை கேபிளால் இரண்டையும் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் எந்திரம் ஒன்று திடீரென நின்றால், அந்தக் குறை முழுவதையும் இந்தியாவின் எந்திரங்கள் நொடிப்பொழுதில் அந்தக் கேபிள் வழியாகவே ஈடுகட்டப் பார்க்கும். கேபிள் ஏற்கெனவே நிறைந்து ஓடினால் அதுவும் துண்டிக்கப்படும். எந்திரமும் போய் இறக்குமதியும் போய், தீவு தனியாக நிற்கும். தடுக்கவே முடியாது என்பதில்லை. கேபிளை எப்போதும் பாதி காலியாக வைத்திருக்க வேண்டும். அப்புறம் அதை எதற்குப் போடுவது?

போதாக்குறைக்குக் கடல் வேறு. கடலடிக் கேபிளில் மாறுதிசை மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் கேபிளையே மின்னேற்றி இறக்குவதில் தன் கொள்ளளவைத் தின்றுவிடும். முன்பு பேசப்பட்ட மதுரை - அநுராதபுரம் தடத்தில் கடற்பகுதி மட்டும் சுமார் 50 கிலோமீட்டர். நேர்திசை மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது வழி, வங்கதேசத்துக்குச் செய்தது. பேராமாராவில் ஒரே வளாகத்தில் இரண்டு கன்வெர்ட்டர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நீண்ட நேர்திசை மின்தடம் கிடையாது. 2013இல் 500 மெகாவாட்டில் தொடங்கி, 2018இல் 1,000 ஆனது. தரை எல்லைக்கு அருமையான ஏற்பாடு. இங்கே கடலைத் தாண்ட மாறுதிசை கேபிள்தான் வேண்டியிருக்கும் என்பதால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஆக, இருமுனையிலும் கன்வெர்ட்டர் வைத்த நேர்திசை மின்தடம்தான். ஆனால் அதிலும் இரண்டு வகை உண்டு. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நல்ல வேளையாக இரண்டையும் நம் புகளூரிலேயே ஒருசேரப் பார்க்கலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் மின்தடம், தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சால் இயங்கும் பழைய வகை. அங்கிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் மின்தடம் டிரான்சிஸ்டரால் இயங்கும் புதிய வகை. இந்தியாவில் அதுவே முதல். பழையது பெரும் அளவுக்கு ஏற்றது, மெகாவாட் கணக்கில் மலிவு, இழப்பும் சற்றுக் குறைவு. ஆனால் பெறுகிற பக்கத்தில் ஏற்கெனவே வலுவான மாறுதிசை மின்னழுத்தம் இருந்தால்தான் அது வேலை செய்யும். சென்னையில் மொட்டைமாடியில் சூரியத்தகடு போட்டவர்களின் புலம்பல் நினைவிருக்கிறதா? வெயில் கொளுத்தும்போதும் தெருவில் மின்சாரம் போனால் தகட்டின் மின்சாரமும் நின்றுவிடும். தைரிஸ்டர் வகையும் அப்படித்தான். புதிய வகை, ரிச்சி தெருவில் பேட்டரியோடு வாங்கி வைக்கிற இன்வெர்ட்டரைப் போல, இருட்டிலும் தானே 50 ஹெர்ட்ஸை உண்டாக்கிக் கொடுக்கும்.

2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்த சம்பவத்தில் இலங்கை முழுவதும் இருண்டது. குரங்கை வைத்து ஊரே சிரித்தது. ஆனால் விடுமுறை நாள் முற்பகலில் தேவை குறைந்து, சூரியமின்சாரம் மிகுந்து, சுழலும் கனத்த எந்திரங்கள் குறைந்திருந்த தொகுப்பு சின்ன அடியைக்கூடத் தாங்கவில்லை என்பதுதான் விஷயம். அப்படிப்பட்ட தொகுப்பில் தைரிஸ்டர் இணைப்பு, மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலே தடுமாறும். புதிய வகை மின்னழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும்; விழுந்த பிறகும் மதுரைப் பக்கத்திலிருந்து உயிர் கொடுக்கலாம்.

அதற்காகப் புதியது வந்தாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, பிரான்சுக்குப் போகும் நேர்திசை இணைப்பு புதிய வகைதான். நிர்ணயித்த அளவை மாறாமல் அனுப்பும் முறையில் வைத்திருந்ததால், ஸ்பெயினின் தொகுப்பு சரிந்துகொண்டிருந்தபோதும் அது 1,000 மெகாவாட்டை வெளியே அனுப்பியபடியே இருந்தது. கட்டுப்பாட்டு மென்பொருளில் என்ன எழுதுகிறோம் என்பது கேபிள் வாங்குவதைப் போலவே முக்கியம்.

நிலமும் நீரும் பேசாமல் விடுமா? ராய்கர் தடத்துக்காகக் கொங்குப் பகுதி விவசாயிகள் தோட்டத்தில் கோபுரம் வேண்டாம், சாலையோரம் கேபிளாகப் புதையுங்கள் என்று போராடினார்கள். திருச்சூர் தடம் கேரளத்துக்குள் ஒரு பகுதி புதைகேபிளாகப் போவதைச் சுட்டிக் கேட்டார்கள், கேட்டதில் தவறென்ன? கடலில் இழுவலை ஓடும் இடத்தில் கேபிளை ஆழப் புதைக்க வேண்டும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை விலக்கியும் போக வேண்டும்.

வணிகக் கணக்கில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று நம் ஆரல்வாய்மொழியிலும் மன்னாரிலும் ஒரே மாதங்களில்தான் வீசுகிறது. இரு பக்கமும் காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது யார் யாரிடம் வாங்குவது? நம் பகல்நேரச் சூரியமின்சாரத்தை எடுத்துக்கொண்டு, இலங்கையின் மகாவலி அணைகளின் நீரை மாலை உச்சத்துக்குச் சேமித்துத் திருப்பித் தருவதில்தான் இலாபம் இருப்பதாகத் தோன்றுகிறது.

முன்பு பேசிய திட்டம் 500 மெகாவாட்டில் தொடங்கி 1,000 ஆவது. இலங்கையின் மிகப் பெரிய எந்திரமே 300 மெகாவாட் என்கையில், 500 மெகாவாட் ஒரே சுற்றில் ஓடி அறுந்தால் தீவு தாங்காது. முதல் கட்டத்திலேயே 250 வீதம் தனித்தனியே இயங்கும் இரு சுற்றுகளாகப் பிரித்துப் போட வேண்டும். செலவு ஏறும்தான். ஏறட்டும். இரண்டாவது சுற்று வரும்வரை ஒற்றைச் சுற்றோடு ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நள்ளிரவிலும் ஞாயிறு பகலிலும் 300ஐத் தாண்ட விடக் கூடாது என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.