பெரிய கேனா, சிறிய பாட்டிலா? கார் திரவங்களை வீட்டில் வாங்கி வைப்பது பற்றி ஓர் அலசல்

என்ஜின் ஆயில் மாற்றுவதையும் கூலண்ட் ஊற்றுவதையும் வீட்டு வாசலிலேயே செய்துகொள்பவர்களுக்குக் கடையில் எழும் முதல் கேள்வி, எவ்வளவு வாங்குவது என்பதுதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் கேட்டால் பெரிய கேனாக எடுத்தால் லிட்டருக்கு விலை குறையும் என்பார்கள். கணக்கு சரிதான். ஊற்றியது போக மிஞ்சுவது வீட்டில் என்ன ஆகும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. என்ஜின் ஆயிலுக்கு ஒரு விடை, பிரேக் ஆயிலுக்கு நேர் எதிரான விடை. கூலண்டில் விஷயம் வேறு திசையில் போகிறது.

பிரேக் ஆயிலில் இருந்து தொடங்குகிறேன். ஓட்டும்போது உயிரோடு விளையாடும் திரவம் இது ஒன்றுதான். பாட்டிலில் DOT என்று போட்டு வரும் தர வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றுமே கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகைத் திரவங்கள். காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பது அவற்றின் இயல்பு. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. டாட் 4-க்கு அது 230. இதே திரவங்களில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் ஏற்கப்படும் கொதிநிலை 140, 155 என்று இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் காரில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சை மிதித்தது போல் தரைவரை போகும், கார் நிற்காது.

ஆகவே பிரேக் ஆயிலை மொத்தமாக வாங்கி வைப்பதில் லாபமே இல்லை. மூடியின் சீலை உடைத்த நிமிடத்திலிருந்து பாட்டிலுக்குள் கடலோர ஊரின் காற்று நுழைகிறது. பாதி காலியான பாட்டிலில் திரவத்தின் மேல் இருப்பது முழுவதும் அந்தக் காற்றுதான். பிளாஸ்டிக் பாட்டிலைவிடத் தகர டப்பா ஈரத்தை நன்றாகத் தடுக்கும் என்றாலும் திறந்தபின் இரண்டும் ஒன்றே. சிறிய காருக்கு முழுதாக மாற்ற அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை போதும். அந்த வேலையைச் செய்யும் நாளில், அந்த வேலைக்கு வேண்டிய அளவை, சீல் உடையாத சிறிய பாட்டில்களாக வாங்குங்கள். மிஞ்சியதை அடுத்த முறைக்கு என்று வைக்காதீர்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்; அவ்வளவு காலம் திறந்து கிடந்த திரவம், காரிலிருந்து வடித்த பழையதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது.

“குறைந்தால் ஊற்ற ஒரு பாட்டில் கையில் இருக்கட்டுமே” என்பது வழக்கமான வாதம். பிரேக் பேட் தேயத் தேயக் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து கொஞ்சம் திரவத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் அளவு மெல்ல இறங்குவது அதனால்தான். அதை மேலே வரை நிரப்பி வைத்தால், புதிய பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது திரவம் பொங்கி வழியும். வழிந்த இடத்தில் பெயின்ட் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பேட் நன்றாக இருந்தும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். அப்போது தேவைப்படுவது மெக்கானிக், பாட்டில் இல்லை.

டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்றால் காரின் பிரேக் ஆயில் தொட்டி மூடியில் பொறித்திருப்பதே முதல் விடை. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு அதையே சொல்வேன். டாட் 4 கேட்கும் வண்டியில் விலை குறைவு என்று டாட் 3 ஊற்றக் கூடாது. 5.1 என்று இல்லாமல் வெறும் டாட் 5 என்று போட்டு வருவது சிலிக்கான் வகை. அது இவற்றோடு சேராது, தொடவே வேண்டாம்.

கூலண்டில் போட்டி வேறு: தண்ணீர் கலந்து தயாராக வருவதா, அடர்த்தியாக வாங்கி நாமே கலப்பதா? பலரும் விலையை மட்டும் பார்த்து அடர்த்தியை எடுத்து, மோட்டார் போட்டு வரும் போர் தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் உப்புப் படிவமாகப் படியும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தேடி வாங்கும் பொறுமை இல்லாதவர்கள் தயார் கலவையையே வாங்கட்டும். நம் ஊரில் உறையும் குளிர் இல்லையே, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. துரு தடுக்கும் சேர்மானங்கள் கூலண்டில்தான் இருக்கின்றன, கொதிநிலையையும் அது உயர்த்துகிறது.

முழுதாக மாற்றும்போது மட்டும் என் ஓட்டு அடர்த்திக்குத்தான். ரேடியேட்டரின் அடியில் உள்ள அடைப்பைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடுவதில்லை. என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் பகுதியிலும் கணிசமான பங்கு தங்கிவிடும். தண்ணீர் விட்டு அலசியிருந்தால் தங்குவது தண்ணீர். உதாரணமாக 6 லிட்டர் கொள்ளும் அமைப்பில் 2 லிட்டர் அலசிய தண்ணீர் உள்ளே நின்றால், பாதிக்குப் பாதி தயார் கலவையை 4 லிட்டர் ஊற்றினாலும் உண்மையில் கிடைக்கும் கூலண்ட் மூன்றில் ஒரு பங்குதான். அடர்த்தியில் 3 லிட்டரை முதலில் ஊற்றி, மிச்சத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் நிரப்பினால் கணக்கு பாதிக்குப் பாதி என்று நேராகிவிடும். இடையிடையே தொட்டியில் கொஞ்சம் சேர்க்கத் தயார் கலவையே வசதி. அதில் ஒரு லிட்டரை வைத்துக்கொள்ளலாம், நன்றாக மூடினால் கெடாது.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதற்குப் பொது விதி கிடையாது. கையேட்டில் சொல்லியிருக்கும் வகையே கணக்கு. கூலண்டின் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், கொல்லும். தரையில் சிந்தியதைத் தெருநாய் நக்கினாலே போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எந்தத் திரவத்தையும் குடிநீர் பாட்டிலுக்கோ குளிர்பான பாட்டிலுக்கோ மாற்றி ஊற்றக் கூடாது.

என்ஜின் ஆயிலில் பெரிய கேன் வெல்கிறது. சீல் உடையாத ஆயிலுக்கு 5 ஆண்டு வரை ஆயுள் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். திறந்ததையும் இறுக்கி மூடி, வெயில் படாத அலமாரியில் வைத்தால் அடுத்த ஆயில் மாற்றம் வரை தாராளமாகப் பயன்படும். மொட்டை மாடித் தகரக் கொட்டகை மட்டும் வேண்டாம். பகல் சூட்டில் கேனுக்குள் உள்ள காற்று விரிந்து வெளியேறும், இரவுக் குளிரில் ஈரக்காற்று உள்ளே இழுபடும். திறந்த தேதியை மார்க்கரால் கேன் மீதே எழுதிவிடுங்கள். காரை மாற்றினால் பழைய கேன் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள, பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் காருக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஏற்றது. பழைய டீசல் காரில் மிஞ்சியதை அதில் ஊற்றினால் வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும், டீசல் கார்க்காரர்கள் யூரியா என்று சொல்லும் டெஃப் திரவத்தை 20 லிட்டர் பக்கெட்டாக வாங்கி வைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 32.5 சதவீத யூரியாக் கரைசல் அது, சூட்டில் சிதையும். ஐஎஸ்ஓ 22241 தரத்தின்படி 25 டிகிரியில் 18 மாதம், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதம். வேலூர், மதுரை வெயிலுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறிய கேன், தேதி பார்த்து, தேவைப்படும்போது வாங்குவதே சரி.

வடித்த பழைய ஆயிலுக்குக் காலியான புதிய ஆயில் கேனே நல்ல பாத்திரம். மூடி இறுகும், கைப்பிடியும் இருக்கிறது. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், கழிவு ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு விற்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய கூலண்டையும் பிரேக் ஆயிலையும் அதே கேனில் ஊற்றிவிடாதீர்கள், கலந்துவிட்டால் எடுப்பவர் மொத்தத்தையும் மறுப்பார். மூன்றுக்கும் தனித்தனிக் கேன், தனித்தனிப் புனல்.